ஸ்பீக்கர் நீளச் சுவரிலா, குறுகிய சுவரிலா?

செவ்வக அறையில் இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு.

எதிரொலி: குறுகிய சுவர் என்றால் பக்கச்சுவர்கள் கிட்டத்தில் இருக்கும். எதிரொலி உடனே திரும்பிப் பாடகரின் குரலைக் கலங்கடிக்கும். தடித்த திரைச்சீலையோ புத்தக அலமாரியோ வேண்டும். நீளச் சுவரில் இந்தத் தொல்லை குறைவு, இசை அகன்று விரியும்.

பாஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி): இங்கேதான் நீளச் சுவர் சறுக்கும். எதிரே இடம் குறைவதால் சோபா பின்சுவரை ஒட்டிவிடும், பாஸ் வீங்கிக் கும்மென்று கேட்கும். குறுகிய சுவரில் சோபாவை முன்னே இழுக்க இடம் இருக்கும். ஆனால் நட்டநடுவே வேண்டாம்: 5 மீட்டர் நீள அறையில் சுமார் 34 ஹெர்ட்ஸ் அளவிலான ஆழ்ந்த பாஸ் ஒலி அங்கே அமுங்கிப்போகும்.

பாஸ் சுத்தமாக வேண்டுமா, குறுகிய சுவர். அருகில் அமர்ந்து குரலிசை கேட்பவருக்கு நீளச் சுவரே சரி.