அன்றாட நற்செய்தி சிந்தனை: வட்ஸ்அப் குரலா, அச்சுப் புத்தகமா, சொந்தக் கொப்பியா?

வன்னியில் எங்களுடையதைப் போன்ற சின்ன ஊர்களில் வார நாட்களில் பூசை கிடைப்பது அரிது. ஃபாதர் ஒருவரே நாலைந்து கோயில்களைப் பார்க்கிறார். ஞாயிறு தவிர இடையில் ஒரு நாள் வந்தாலே பெரிய விசயம். அன்றைய நற்செய்தியை வீட்டிலேயே வாசித்து அதைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க விரும்புகிறவர்களுக்கு இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன: காலையில் வட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவு, நாளுக்கொரு பக்கமாக அச்சான சிந்தனைப் புத்தகம், அல்லது திருவிவிலியத்தை நேரே திறந்து வைத்துக்கொண்டு நாமே எழுதும் ஒரு கொப்பி. நான் கொப்பியில்தான் நிற்கிறேன். நடுநிலைத் தீர்ப்பை இதில் எதிர்பார்க்கவேண்டாம்.

குரல் பதிவின் வசதி எல்லோருக்கும் தெரிந்தது. சமைத்துக்கொண்டே கேட்கலாம், கண் மங்கியவர்களும் கேட்கலாம். கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வெரித்தாஸ் என்ற கத்தோலிக்க வானொலியைக் கேட்ட தலைமுறைக்கு, 2018இல் அதன் சிற்றலை ஒலிபரப்பு நின்றுபோன பிறகு இந்தப் பதிவுகள்தான் துணை. ஆனால் யார் பேசுகிறார், எந்த மறைமாவட்டம் என்ற விவரம் பாதிப் பதிவுகளில் இருக்காது. பத்துப் பேர் கைமாறி வந்திருக்கும். போன் நிறைந்ததும் முதலில் அழிபடுவதும் அவைதான்.

அச்சுப் புத்தகத்தில் அந்தக் குழப்பம் இல்லை. எழுதியவர் பெயர் இருக்கும், படிப்பும் இருக்கும். அதை ஒரு முழு ஆண்டு நான் விடாமல் பின்பற்றியதில்லை, ஆகவே அதிகம் சொல்லமாட்டேன். ஒரே குறை, அது திகதிப்படி அச்சாகியிருப்பது. அடுத்த வருடம் அதே திகதியில் அதே நற்செய்தி வராது, புத்தகம் அலுமாரிக்குப் போய்விடும்.

என்னைக் கொப்பியின் பக்கம் சாய்த்ததும் இந்த ‘அடுத்த வருடம்’தான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1969இல் வந்த வாசக ஒழுங்கின்படி (எந்த நாள் பூசையில் எந்த வாசகம் என்ற அட்டவணை) ஞாயிறு நற்செய்தி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் திரும்பும். வார நாட்களில் முதல் வாசகம் ஒற்றை ஆண்டுக்கு ஒன்று, இரட்டை ஆண்டுக்கு ஒன்று என்று மாறினாலும், அந்த வாரத்தின் அந்தக் கிழமைக்குரிய நற்செய்தி, திகதி மாறினாலும், ஒவ்வொரு வருடமும் அதேதான். பொதுக்காலத்தில், அதாவது கிறிஸ்து பிறப்பு, தவக்காலம், பாஸ்கா போன்ற சிறப்புக் காலங்கள் தவிர்ந்த வாரங்களில், 9ஆம் வாரம் வரை மாற்கு, 10 முதல் 21 வரை மத்தேயு, அதன்பின் 34 வரை லூக்கா. அப்படியானால் இன்றைக்கு எழுதியது அடுத்த வருடமும் வேலைக்கு வரும், அதன் கீழே இன்னும் இரண்டு வரி சேரும். அழிந்துபோன குரல் பதிவுக்கு அது முடியாது.

விதைப்பவர் உவமையை எடுங்கள்: வீசிய விதையில் சில வழியோரத்திலும் பாறையிலும் முள்ளிலும் விழுந்து வீணாக, நல்ல நிலத்தில் விழுந்தவை பலன் தரும் கதை. வார நாட்களில் மட்டும் வருடத்துக்கு மூன்று தடவை வருகிறது. 3ஆம் வாரப் புதன் மாற்கு 4, பெரும்பாலும் ஜனவரிக் கடைசியில், காலபோக அறுவடை நேரம். 16ஆம் வாரப் புதன் மத்தேயு 13, யூலைப் பிற்பகுதியில், சிறுபோக நெல் விளைந்து நிற்கும்போது. 24ஆம் வாரச் சனி லூக்கா 8, செப்டெம்பரில், வயல் காய்ந்து கிடக்க ஊரில் விதைநெல்லைப் பற்றிப் பேச்சு நடக்கும்போது. மூன்றையும் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதி வைத்ததால்தான் எனக்கு ஒன்று கண்ணில் பட்டது: மாற்கில் விளைச்சல் முப்பது, அறுபது, நூறு என்று ஏறுகிறது, மத்தேயுவில் நூறில் தொடங்கி இறங்குகிறது, லூக்காவில் நூறு மட்டும்தான். ஏன் என்று ஃபாதரிடம் கேட்க ஒரு கேள்வியாவது கிடைத்தது.

அதே உவமைக்கு வந்த ஒரு குரல் பதிவில், விதைப்பவர் கவனமில்லாமல் வீசியதாக ஒருவர் விளக்கினார். பக்கத்து வளவு அண்ணை அதைக் கேட்டுவிட்டு, “வரம்பில ஒரு மணியும் விழாமல் வீசி விதைக்கிறவன் ஆரப்பா இருக்கிறான்?” என்றார். எந்தப் புத்தகத்திலும் நான் காணாத விளக்கம். மத்தேயு 13க்குக் கீழே அதுவும் எழுதிக் கிடக்கிறது.

கொப்பியிலும் சிக்கல் உண்டு. திகதி போட்டுத் தொடங்கினால் அச்சுப் புத்தகத்தின் கதிதான். பக்கத்தின் தலைப்பில் ‘பொதுக்காலம் 16, புதன்’ என்று வாரத்தையும் கிழமையையும் எழுதவேண்டும். விழாக்களும் குறுக்கே வரும். அந்தப் புதன் 2024இல் யூலை 24, 2025இல் யூலை 23, ஆனால் 2026இல் யூலை 22. அன்று மகதலா மரியா விழா என்பதால் யோவான் 20 வாசிக்கப்படும், மத்தேயு அந்த வருடம் விடுபடும். இதற்கெல்லாம் கோயில் கலண்டரைப் பார்த்தால் போதும். தனியே வாசித்தால் பிழையாக விளங்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது என்பதையும் மறுக்கமாட்டேன். திருவிவிலியத்தின் அடிக்குறிப்புகள் ஓரளவு காப்பாற்றும், மிச்சத்தை அன்பியக் கூட்டத்தில் (அயல் வீட்டார் சேர்ந்து செபிக்கும் பங்கின் சிறு குழு) கேட்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இது சரிவருமா என்று எனக்கு அனுபவமில்லை. அம்மாவுக்குச் சரிவராது, அவவுக்காகவே வட்ஸ்அப் குழுவில் இன்னும் இருக்கிறேன்.

தொடங்க நினைப்பவர்கள் தடித்த சி.ஆர். கொப்பியாக வாங்குங்கள், நாளுக்கு அரைப்பக்கம் வெறுமையாக விடுங்கள். முறைப்படி ஆண்டவரின் திருமுழுக்கு விழாவுக்குப் பிறகு, பொதுக்காலம் முதல் வாரத் திங்கள், மாற்கு 1:14இல் ஆரம்பிக்கலாம். அதுவரை காத்திருக்கவேண்டும் என்றில்லை, நடு வருடத்தில் தொடங்கினாலும் முன்பக்கங்கள் ஜனவரியில் நிரம்பும்.