ஓப்பன்பாக்ஸ்: அழகு வேண்டும், ஆனால் அது வெளியே இருக்கட்டும்

பழைய லினக்ஸ் லேப்டாப்புக்கு எந்த விண்டோ மேனேஜர் (திரையில் விண்டோக்களை நிர்வகிக்கும் புரோகிராம்) போடலாம் என்று யார் கேட்டாலும் நான் இன்றும் ஓப்பன்பாக்ஸைத்தான் சொல்கிறேன். கடைசிப் பதிப்பு 3.6.1, வந்தது 2015-இல். அதைக் காட்டியே கைவிடப்பட்ட மென்பொருள் என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கோ அது பெரிய நிம்மதி, ஏனென்றால் பார்த்துப் பார்த்து எழுதி வைத்த ஆர்சி.எக்ஸ்எம்எல் (rc.xml) என்ற செட்டிங்ஸ் ஃபைல் டெபியன் லினக்ஸை அப்டேட் செய்த பிறகும் அப்படியே ஓடுகிறது.

இதன் நிலைத்தன்மைக்குக் காரணம், இது செய்யும் வேலை குறைவு என்பதுதான். விண்டோவைச் சுற்றிச் சட்டம் வரையும், ரைட் கிளிக் மெனு காட்டும், ஷார்ட்கட் கீகளைக் கவனிக்கும், அவ்வளவுதான். வால்பேப்பருக்கு நைட்ரஜன், பேனலுக்கு டின்ட்2, நிழலுக்கும் டிரான்ஸ்பரன்சிக்கும் பிகாம் என்று எல்லாமே தனித்தனி புரோகிராம்கள். பிகாம் கிராஷ் ஆனால் நிழல் மறையும். நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்த விண்டோ அதே இடத்தில் இருக்கும். க்னோம் டெஸ்க்டாப்பில் எக்ஸ்டென்ஷன்கள் ஷெல் என்ற அதன் மைய புரோகிராமுக்குள்ளேயே ஓடுவதால், வேலண்ட் என்ற புதிய திரை முறையில் ஷெல் விழுந்தால் திறந்து வைத்த எல்லாமும் சேர்ந்து போய்விடும். அலங்காரத்துக்காக அந்த விலை கொடுக்க எனக்கு மனமில்லை.

சரி, தீம் எப்படி? தீம்ஆர்சி என்ற ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் நிறம், கிரேடியன்ட், பார்டர் அகலம் எல்லாம் அடங்கிவிடும். மாற்றிவிட்டு ரீகான்ஃபிகர் கட்டளை கொடுத்தால் லாக் அவுட் செய்யாமலே உடனே தெரியும். ஆர்சி.எக்ஸ்எம்எல்லில் ஒரு டேக்கை மூடாமல் விட்டால்கூட எந்த வரியில் பிழை என்று ஒரு பெட்டி வந்து சொல்லும். ஆனால் மூடு, பெரிதாக்கு பட்டன்கள் எல்லாம் ஒரே நிற எக்ஸ்பிஎம் (XBM) பிட்மேப் படங்கள், திரைக்கு ஏற்பப் பெரிதாகாது. ஹைடிபிஐ (பிக்சல் அடர்த்தி அதிகமான) திரையில் கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். இது உண்மையான குறை. பார்டரை 1 பிக்சல் வைத்தால் பார்க்க அழகு, மவுஸால் ஓரத்தைப் பிடிப்பதுதான் பாடு. அதற்கு ஆல்ட்டை அழுத்தியபடி ரைட் கிளிக்கில் இழுத்தால் போதும், விண்டோவின் உள்ளே எங்கே பிடித்தாலும் அளவு மாறும்.

நம்மவர்களுக்கு இன்னொரு நல்ல விஷயம்: எழுத்துகளை வரைய பாங்கோ என்ற லைப்ரரியைப் பயன்படுத்துவதால் டைட்டில் பாரில் தமிழ் ஒழுங்காக வருகிறது. கொம்பும் காலும் பிரிந்து தனியே நிற்பதில்லை. இலகுவான விண்டோ மேனேஜர்கள் எல்லாவற்றிலும் இதை எதிர்பார்க்க முடியாது.

பிகாமில் மட்டும் கை அடக்கம் வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு அதன் செட்டிங்குகள் மாறுகின்றன, பழையதை நீக்கியும் விடுகிறார்கள், அதனால் இணையத்தில் கிடைக்கும் நீளமான கான்ஃபிகை அப்படியே ஒட்டாதீர்கள். பழைய கிராஃபிக்ஸ் என்றால் முதலில் பிளரை (பின்னணியை மங்கலாக்குவதை) நிறுத்துங்கள், அதுதான் அதிகம் சுமை ஏற்றுவது. நிழலும் லேசான டிரான்ஸ்பரன்சியும் போதும்.

ஓப்பன்பாக்ஸ், வேலண்டுக்கு முந்தைய எக்ஸ்11 என்ற திரை முறைக்கு மட்டுமே. வேலண்டுக்குப் போக நினைப்பவர்கள் லேப்டபிள்யூசி (labwc) என்ற புரோகிராமைப் பாருங்கள். ஓப்பன்பாக்ஸ் தீம்களையே அது எடுத்துக்கொள்கிறது, ஆர்சி.எக்ஸ்எம்எல் அமைப்பும் ஏறக்குறைய அதேதான், 2024 அக்டோபரில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸும் அதற்கு மாறிவிட்டது.