சட்டப் பட்டம் இல்லாமல் சட்டத்துறைக்குள்: குமாஸ்தாவா, தன்னார்வலரா, அவுட்சோர்சிங் நிறுவனமா?

என் சித்தப்பா மகள் பி.காம். முடித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் வீட்டில் இருக்கிறாள். நீதிமன்றம் சார்ந்த வேலைதான் வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். ஆனால் உடனே மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேர வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. சென்ற மாதம் அவளுக்கு மூன்று வழிகள் ஒரே வாரத்தில் திறந்தன. உள்ளூரில் ஒரு மூத்த வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டம் சார் தன்னார்வலராகச் சேரும் வாய்ப்பு. சென்னையில், வெளிநாட்டு வழக்கறிஞர் நிறுவனங்களுக்கு ஆவண வேலை செய்து தரும் அவுட்சோர்சிங் நிறுவனம் ஒன்றில் 'பாராலீகல்' பணி.

"அண்ணா, எதில் சேரட்டும்?" என்று தொலைபேசியில் கேட்டாள். ஒன்பது ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து, பிறகு சட்டம் படித்து வழக்கறிஞரானவன் நான். அவளுக்குச் சொன்னதை இன்னும் விரிவாக இங்கே எழுதுகிறேன். அவளைப் போன்ற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பாராலீகல் என்றால் சட்ட வேலைகளில் வழக்கறிஞருக்கு உதவுபவர். அமெரிக்காவில் அது தனித் தொழில். அத்தொழிலில் இருப்பவர்களின் அமைப்புகள் நடத்தும் சான்றிதழ்த் தேர்வுகள்கூட அங்கே இருக்கின்றன. நம் நாட்டில் அந்தப் பெயரில் சட்டம் அங்கீகரித்த உரிமம் எதுவும் கிடையாது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே வழக்கறிஞராகத் தொழில் செய்யலாம். பதிவில்லாமல் தொழில் செய்பவருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. இக்னோ போன்ற பல்கலைக்கழகங்கள் பாராலீகல் பட்டயப் படிப்பு நடத்துகின்றன. சட்டத்தின் அடிப்படையைக் கற்றுக்கொள்ள அது உதவும். ஆனால் "இந்தச் சான்றிதழ் இருந்தால் கோர்ட்டில் ஆஜராகலாம்" என்று யாராவது பணம் கேட்டால், அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

இனி குமாஸ்தா வேலை. இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேசுவேன். எனக்குத் தெரிந்த உலகம் அது. பலர் குறைத்து மதிப்பிடுவதும் அதைத்தான்.

காலையில் அன்றைய வழக்குப் பட்டியலைப் பார்த்து, வழக்குக் கட்டுகளை வரிசைப்படி எடுத்து வைப்பதில் குமாஸ்தாவின் நாள் தொடங்குகிறது. வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது, கோர்ட் பீஸ் கணக்கிடுவது, தாக்கல் செய்வது, குறையோடு திரும்பி வந்த மனுவைச் சரிசெய்து மறுபடி கொடுப்பது, சம்மன் அனுப்புவதற்கான கட்டணமான பேட்டாவைக் கட்டுவது, நகல் மனு போடுவது, வாய்தா தேதியை டைரியில் ஏற்றுவது என்று மாலை வரை ஓட்டம்தான். இப்போது மின்தாக்கலும் சேர்ந்துகொண்டது. ஆவணங்களை ஸ்கேன் செய்து பதிவேற்றவும், ஒவ்வொரு வழக்குக்கும் உரிய 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கொண்டு அதன் நிலையைப் பார்க்கவும் தெரிந்த இளம் குமாஸ்தாவை மூத்த வழக்கறிஞர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கணினி தெரிந்த பி.காம். பெண்ணுக்கு இது நல்ல காலம்.

இந்த வேலையின் உயிர் தேதிக் கணக்கில் இருக்கிறது. காசோலை வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பணமில்லை என்று வங்கி திருப்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் பெற்றவருக்குப் பணம் கொடுக்க 15 நாட்கள் அவகாசம். அதற்குள் கொடுக்காவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். புகார் தாமதமானால், போதிய காரணம் காட்டி நீதிமன்றத்திடம் மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதமானால் அந்த வழியும் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் இந்தக் கணக்கில் தவறினேன். வங்கிச் சீட்டில் இருந்த தேதியை விட்டுவிட்டு, கட்சிக்காரர், அதாவது எங்களிடம் வழக்கை ஒப்படைத்தவர், எங்கள் அலுவலகத்துக்கு வந்த நாளிலிருந்து முப்பதை எண்ணிவிட்டேன். நோட்டீஸ் மூன்று நாள் பிந்திப் போனது. காசோலையை மறுபடி வங்கியில் போடலாம் என்றால் அதன் மூன்று மாத ஆயுளும் முடிந்திருந்தது. அந்த மனிதர் ஒரு சிறிய மளிகைக் கடைக்காரர். குற்ற வழக்கை இழந்து, பிறகு கோர்ட் பீஸ் கட்டிப் பணத் தாவா, அதாவது பணத்தை வசூலிக்கும் சிவில் வழக்கு, போட வேண்டியதாயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த முகம் இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு தேதியையும் இரண்டு இடத்தில் எழுதுகிறேன்.

குமாஸ்தா வேலையின் குறை சம்பளத்தில் இருக்கிறது. வழக்கறிஞர் கொடுப்பது ஒரு பகுதி. கட்சிக்காரர் கொடுக்கும் குமாஸ்தா பீஸ் மறுபகுதி. இரண்டாவதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கோடை விடுமுறையில் கை காய்ந்துவிடும். ஆனால் தமிழ்நாட்டில் வழக்கறிஞர் குமாஸ்தாக்களுக்கென்று தனி நலநிதிச் சட்டம் இருக்கிறது. அதில் உறுப்பினராகாமல் காலம் கழித்துவிட்டுப் பின்னால் வருந்துபவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு ஆபத்தும் உண்டு. கமிஷனுக்காகக் கட்சிக்காரர்களைப் பிடித்து வரும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வழக்கறிஞர்கள் சட்டத்தில் 2023இல் கொண்டுவந்த திருத்தப்படி, இத்தகைய தரகர்களின் பட்டியலை நீதிமன்றங்கள் வெளியிடலாம். பட்டியலில் பெயர் உள்ளவர் மீண்டும் தரகு செய்தால் சிறைத் தண்டனை வரை போகும்.

தன்னார்வலர் வழி முற்றிலும் வேறு. தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009இல் கொண்டுவந்த திட்டம் இது. ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், சட்ட மாணவர்கள், ஓய்வுபெற்ற ஊழியர்கள், மகளிர் குழு உறுப்பினர்கள் எனப் பலரையும் தேர்ந்தெடுத்துப் பயிற்சியும் அடையாள அட்டையும் தருகிறார்கள். சிறைக்குள், நன்னடத்தையுள்ள படித்த நீண்டகாலக் கைதிகளைக்கூடத் தன்னார்வலராக்க இத்திட்டம் இடம் தருகிறது.

பெண் என்றால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி இலவச வழக்கறிஞர் பெறத் தகுதியுடையவர். ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கணவன் கைவிட்ட ஒரு பெண்ணை அழைத்து வந்து, ஜீவனாம்ச மனு போட வைத்து, 15100 என்ற உதவி எண்ணைக் கையில் எழுதிக் கொடுத்து அனுப்பும் தன்னார்வலர் செய்வது பெரிய காரியம். அந்த மனு இப்போது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் வராது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவில் வரும். இதைத் தெரிந்து வைத்திருக்கும் தன்னார்வலரை யாரும் அலட்சியப்படுத்த முடியாது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் பீஸ் திரும்பக் கிடைக்கும் என்பதையெல்லாம் எளிய சொற்களில் விளக்கக் கற்றுக்கொள்ளும் இடமும் அதுதான்.

ஆனால் இது வேலை இல்லை. பணி ஒப்படைத்த நாட்களுக்கு மட்டும் மதிப்பூதியம் தருவார்கள். மாதச் சம்பளமோ பணி நிரந்தரமோ கிடையாது. உதவி பெறுபவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. இதை அரசு வேலையின் முதல் படி என்று நம்பி, வேறு வேலைக்கும் போகாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகளை நினைத்தால் மனம் பதறுகிறது.

சென்னை நிறுவனத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மூன்றிலும் மாதா மாதம் வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறும் இடம் இதுதான். வருங்கால வைப்பு நிதியும் இருக்கும். குடும்பக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் இதைத் தேர்ந்தெடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆங்கிலம் கூர்மையாகும். வெளிநாட்டு நேரத்துக்கு ஏற்ப இரவுப் பணி வரலாம். என் தயக்கம் வேறொன்று. அங்கே ஒப்பந்தங்களிலிருந்து குறிப்பிட்ட பிரிவுகளைத் தேடி எடுப்பதும், ஆயிரக்கணக்கான ஆவணங்களை வகை பிரிப்பதும்தான் தொடக்கநிலை வேலை. செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் முதலில் கைவைத்திருப்பதும் அந்த வேலையில்தான். மேலே ஏறச் சட்டப் பட்டம் கேட்பார்கள். ஒரு வழக்கு எங்கே பிறந்து எப்படி முடிகிறது என்பதை அங்கே கண்ணால் பார்க்க வழியில்லை.

மூன்றையும் அருகருகே வைத்தால், முதல் மாதச் சம்பளத்தில் சென்னை வெல்லும். ஊருக்குப் பயன்படுவதில் தன்னார்வலர் அட்டை வெல்லும். நான் பார்ப்பது ஐந்தாம் ஆண்டை. அப்போது இந்தப் பெண் சட்டம் படிக்க நினைத்தால் எது கை கொடுக்கும்? பார் கவுன்சிலில் பதிவு செய்ய அஞ்சல் வழிச் சட்டப் பட்டம் செல்லாது. வகுப்பில் 70 சதவீத வருகை கட்டாயம். பகலிலோ இரவிலோ முழுநேர வேலையில் இருந்துகொண்டு இது நடக்காது. வழக்கறிஞர் அலுவலகங்களோ மாலை ஐந்து மணிக்கு மேல்தான் களைகட்டும். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் பகலில் படித்துவிட்டு, மாலையில் அதே அலுவலகத்தில் கட்டுகளைப் பார்க்கலாம். நானும் அப்படித்தான் படித்தேன். பதிவுக் கட்டணமும் இப்போது தடையில்லை. சில மாநிலங்களில் பல்லாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்துவிட்டது.

ஆகவே அவளுக்கு என் பதில் குமாஸ்தா வேலைதான். தன்னார்வலர் அட்டைக்கும் விண்ணப்பிக்கச் சொன்னேன். ஆனால் வழக்கறிஞரிடம் முதலிலேயே தெரிவித்து, அவர் சம்மதித்தால் மட்டும். இலவச உதவி தேடி வந்தவர் ஒருவரைக்கூடச் சொந்த அலுவலகத்தின் பக்கம் திருப்பக் கூடாது என்பதை இரண்டு முறை சொன்னேன்.

திங்கட்கிழமை அவள் அந்த மூத்த வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறாள். கேட்க வேண்டியவற்றைக் காகிதத்தில் எழுதிக்கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். குமாஸ்தா பீஸைக் கணக்கில் சேர்க்காமல் நிலையான மாதச் சம்பளம் எவ்வளவு? நலநிதியில் எப்போது உறுப்பினராகச் சேர்த்துவிடுவார்கள்? மாலையில் எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம்? பிறகு, அவளே சேர்த்துக்கொண்ட நான்காவது கேள்வி: தேதி டைரியை யார் எழுதுகிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள்?