விசாகப்பட்டினம் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல்: மாமாவோடு போய் வந்தேன்

என் மாமனாருக்கு 77 வயது. 1971 போர் சமயத்தில் கடற்படையில், இதே ரக நீர்மூழ்கியில் என்ஜின் மெக்கானிக்காக இருந்தவர். வீட்டில் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. போன மாதம் விசாகப்பட்டினம் போனபோது, ராமகிருஷ்ணா கடற்கரை மணலில் நிறுத்தி வைத்திருக்கும் குர்சுராவுக்கு அவரை நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன்.

குர்சுரா 1969-இல் சோவியத் நாட்டின் ரீகாவில் நம் கடற்படையில் சேர்ந்தது. 91 மீட்டர் நீளம், 22 டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு), 75 பேர். 2001-இல் ஓய்வு கொடுத்து, அடுத்த வருஷமே அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் இறங்க வேண்டும். நடுவில் வட்ட வட்டமான வாசல்கள். தலையைக் குனிந்து, காலைத் தூக்கிப் போட்டுத்தான் தாண்ட முடியும். மாமா அதை என்னைவிட வேகமாகத் தாண்டினார்.

டார்பிடோவை ஒட்டியே படுக்கைகள். ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒருத்தன் எந்திரிச்சா இன்னொருத்தன் படுப்பான்மா, சூடு ஆறியிருக்காது" என்றார். குளிக்கத் தண்ணீர் ஏது என்று கேட்டேன். "கரைக்கு வந்துதான். அதுவரைக்கும் டீசல் வாசனைதான் எங்க சோப்பு."

டீசல் என்ஜின் அறைக்கு வந்ததும் நின்றுவிட்டார். மூன்று என்ஜின், ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காதாம், எல்லாம் கைஜாடைதான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக் காட்டினார். எங்கள் வழிகாட்டியும் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர். அவர் சட்டென்று கட்டைவிரலை உயர்த்தினார்: ஆயில் சரியாக இருக்கிறது. முன்பின் தெரியாத இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மாமாவுக்கு இடது காது மந்தம். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கிறேன்!

அதே கடற்கரைச் சாலையில் 1971 போர் நினைவிடம். பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி இந்தத் துறைமுகத்துக்கு வெளியேதான் டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி மூழ்கியது. 90 பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. அன்றைக்கு மாமா இங்கே கரையில் இருந்திருக்கிறார். சத்தம் கேட்டதாம், ஜன்னல் அதிர்ந்ததாம். "எதிரிதான். ஆனா உள்ள எப்படி இருந்திருக்கும்னு எங்களுக்குத்தானே தெரியும்" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

போகிறவர்களுக்கு: முட்டிவலி இருந்தால் யோசித்துப் போங்கள், உள்ளே உட்கார வழியில்லை. திங்கள் விடுமுறை. கூட்டம் இல்லாத நேரமாகப் போய், செல்ஃபியை அப்புறம் வைத்துக்கொண்டு, வழிகாட்டியிடம் அவர் எந்தக் கப்பலில் இருந்தார் என்று முதலில் கேளுங்கள். நாங்கள் அரை மணியில் முடிப்போம் என்று போனோம். வெளியே வர இரண்டு மணி நேரம் ஆனது.