கட்டணமா, நேரசூசியா, வழிகாட்டிப் பலகையா?

கையைக் கடிக்காமல் ரயிலுக்குப் பயணிகளைச் சேர்ப்பது எப்படி என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் முன்வைக்கப்படுவது கட்டணக் குறைப்பு. கொழும்பைப் பொறுத்தவரை அது வீண் யோசனை என்பேன். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு மூன்றாம் வகுப்பில் செல்பவர் ஏற்கெனவே பஸ்ஸைவிடக் குறைவாகத்தான் கொடுக்கிறார். இத்தனை மலிவாக இருந்தும் ஏறாத ஒருவரை இன்னும் சில ரூபாயைக் குறைத்து ஏற்றிவிட முடியாது. இப்போது ஏறுகிறவர்களிடமிருந்து வரும் வருமானம்தான் சுருங்கும்.

அதற்கு மாற்றாக நேரசூசியைத் திருத்தலாம். காலி வீதியில் 100, 101 ஆம் இலக்க பஸ்களுக்கு எவரும் நேரம் பார்ப்பதில்லை. தரிப்பிடத்தில் சற்று நின்றாலே, மிதிபலகையில் தொங்கியபடி "கொள்ளுப்பிட்டி, கோட்டை, புறக்கோட்டை" என்று கூவிக்கொண்டு நடத்துனர் வந்துவிடுவார். ரயிலுக்கோ ஒழுங்கை வழியே கடற்கரைப் பக்கம் இறங்கி நடக்க வேண்டும். அப்படி நடந்துபோய்ச் சீட்டு வாங்கும் இடத்தில்தான் அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று தெரியவருமானால், மறுநாள் அந்த ஒழுங்கையில் யார் இறங்குவார்? காலையும் மாலையும் வாசலில் தொங்கும் அளவுக்குக் கூட்டம் இருப்பதால், இடம் மிஞ்சுவது நண்பகலில்தான். அந்நேரத்தில் ஓடும் வண்டிகளையே ஒவ்வொரு மணியிலும் ஒரே நிமிடத்தில் வருமாறு அடுக்கினால், வீட்டிலிருப்பவர்கள் அந்த நிமிடத்தை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். நெதர்லாந்து 1970இலும் சுவிற்சர்லாந்து 1982இலும் இம்முறையை நாடளாவிய அளவில் ஏற்றன. அங்கே வண்டிகளும் கூட்டப்பட்டன என்பது உண்மையே; ஆயினும் நேரத்தை நினைவில் நிற்கச் செய்யும் பாதி வேலைக்குப் புதிய வண்டி தேவையில்லை. காலி, மாத்தறைக் கடுகதிகளுக்கு வழிவிடுவதும் ஊழியர்களின் கடமை நேரங்களை மாற்றியமைப்பதும்தான் இதிலுள்ள உண்மையான சிக்கல்கள்.

கொழும்பிலிருந்து அவிசாவளைப் பக்கம் செல்லும் களனிவெளி ரயில் பாதையில் இதே மருந்து அவ்வளவாக வேலை செய்யாது. 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டாலும் அது இன்னும் ஒற்றைத் தடமே. எதிரெதிர் வண்டிகள் நிலையங்களில் காத்திருந்தே ஒன்றையொன்று கடக்க வேண்டியிருப்பதால், ஒன்று பிந்தினால் மற்றதும் பிந்தும். ஆகவே அங்கே வழிகாட்டிப் பலகைகளுக்கே முதலிடம் கொடுப்பேன். ஹைலெவல் வீதியில் 138 ஆம் இலக்க பஸ் போட்டியாகவே ஓடுகிறது. அந்த பஸ்ஸை ரயிலோடு இணைக்க முயல்வதைவிட, நாரஹேன்பிட்டி போன்ற இடங்களில் குறுக்கே செல்லும் பஸ்களின் தரிப்பிடத்திலிருந்து நிலையத்துக்கு மும்மொழியிலும் வழிகாட்டுவது பயன் தரும். தமிழ் வரியில் எழுத்துப் பிழை இல்லாதிருந்தால் பெரும் புண்ணியம்.

நேரசூசித் திருத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதானால் கடற்கரைப் பாதையில் மருதானைக்கும் பாணந்துறைக்கும் இடையில் காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை தொடங்கலாம். அங்கே இரட்டைத் தடம் உண்டு.