மீன் தொட்டிக்கு 75 சதவீத நிழல் வலை: இரண்டு கோடை பார்த்த பிறகு

வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை, கத்திரி தொடங்கிவிட்டால் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். எங்கள் வீட்டுப் பின்பக்கம் 10 அடி நீளம், 5 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் ஒரு சிமென்ட் தொட்டி இருக்கிறது. சுமார் 3,500 லிட்டர் பிடிக்கும். கோய் கெண்டையும் தங்கமீனும் வளர்க்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தால் எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, நான்கு கோய் ஏற்கனவே செத்து மிதக்கிறது. அதில் ஒன்று நான் விரல் நீளத்தில் வாங்கி வந்து ஒரு அடிக்கு மேல் வளர்த்தது. வெயில் மத்தியானம்தானே, விடியற்காலையில் ஏன் சாக வேண்டும் என்று அன்றைக்குப் புரியவே இல்லை. அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் தங்காது: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும், 35 டிகிரியில் 7கூடத் தேறாது. போதாக்குறைக்கு, பகலில் ஆக்சிஜன் விடுகிற பாசியும் செடியும் ராத்திரியில் மீனோடு சேர்ந்து அதை எடுத்துக்கொள்ளும். அதனால் விடிவதற்கு முன்னால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் ஒரேயடியாகக் குறைந்து கிடக்கும்.

உடனே போய் தொட்டிக்கு மேலே கட்ட ஒரு நிழல் வலை வாங்கினேன். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று வெயிலில் பாதியை மட்டும் மறைக்கிற 50 சதவீத வலையைக் கிழித்துக் கொடுத்தார். தண்ணீர் ஒரு டிகிரிதான் இறங்கியது, அதைவிட மோசம், பொங்கலுக்குள் வலை வெயிலில் பொரிந்துபோய் கையால் தொட்டாலே நார் நாராக உதிர்ந்தது. அந்தப் பச்சைத் துணுக்குகளைத் தீனி என்று நினைத்து மீன்கள் கவ்விக் கவ்வித் துப்பியதைப் பார்க்கவே வயிறு எரிந்தது. யுவி, அதாவது வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர், தாங்கும் வலையா என்று கேட்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

இப்போது சொல்ல வந்தது இரண்டாவதாக வாங்கிய வலையைப் பற்றி. நர்சரிகளுக்குப் பொருள் கொடுக்கிற ஒரு கடையில் எடுத்தது. 75 சதவீதம், யுவி தாங்குவது, 15 அடிக்கு 10 அடி துண்டு, ஓரம் மடித்துத் தைத்து, கயிறு கோக்க ஐலெட் வளையம் அடித்து 1,100 ரூபாய் ஆனது. இரண்டு முழுக் கோடையைப் பார்த்துவிட்டது, நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறதே தவிர ஓர் இழைகூட உதிரவில்லை. வலை இல்லாதபோது மத்தியானம் இரண்டு மணிக்கு 35 காட்டிய தெர்மாமீட்டர், அதே மாதிரி வெயிலில் இப்போது 31ஐத் தாண்டுவதில்லை. மீன்களும் மத்தியானத்தில் மூலையில் ஒடுங்கிக் கிடக்காமல் தொட்டி முழுக்கச் சுற்றுகின்றன.

ஆனால் கட்டுகிற விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. முதலில் தொட்டிக்கு இரண்டடி மேலே கட்டினேன், காற்று புகாமல் புழுங்கியது. ஏழடி உயரத்துக்கு ஏற்றிய பிறகுதான் சரியானது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். என் தொட்டியில் ஆறு லிட்டர் ஆவியானாலே மொத்தத் தண்ணீரும் ஒரு டிகிரி இறங்கும், அதற்குக் காற்று ஓட வேண்டும். உயரத்தில் கட்டினால் மூன்று மணிக்கு மேல் மேற்கு வெயில் சாய்வாக உள்ளே வந்துவிடும், அதனால் அந்தப் பக்கம் மட்டும் மூன்றடி திரை மாதிரி தொங்கவிட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், வெயிலில் இற்றுப்போகும். பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டிக் கட்டுங்கள், காற்றடித்தால் இழுத்துக் கொடுக்கும். கயிறு போட்டிருந்த ஒரு மூலையில் கோடைமழைக் காற்று ஐலெட்டைப் பிய்த்துக்கொண்டு போனது, டியூப் கட்டிய மூலைகள் அப்படியே இருந்தன.

ஐஸ் பாட்டில் போடச் சொல்லி நிறைய பேர் சொல்வார்கள். ஒரு லிட்டர் பாட்டில் பத்து போட்டாலும் இந்த அளவு தொட்டியில் அரை டிகிரிகூட இறங்காது. சின்னக் கண்ணாடித் தொட்டிக்கு உதவலாம், இதற்கு வேண்டாம். அதற்குப் பதில் ராத்திரி முழுக்க ஏர் பம்ப் ஓடட்டும். கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் முன்பு ராத்திரியில்தான் நிறுத்திக்கொண்டிருந்தேன், அந்த நான்கு மீனும் அதனால்தான் போனது. போர் தண்ணீர் விடுவதாக இருந்தால் பைப்பை உயரத்தில் பிடித்துத் தெறிக்கிற மாதிரி விடுங்கள், பூமிக்கடியிலிருந்து வருகிற தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. ஒரே நேரத்தில் நிறையவும் மாற்றாதீர்கள்.

குறை என்றால், தொட்டியில் இருந்த அல்லி பூப்பதை நிறுத்திவிட்டது. அதற்கு நல்ல வெயில் வேண்டும். தொட்டியை வலைக்கு வெளியே நகர்த்த முடியாது என்பதால் அல்லிச் சட்டியை மட்டும் எடுத்து, வெயில் படுகிற இடத்தில் தனியாக ஒரு சிமென்ட் உறையில் வைத்துவிட்டேன். எதிர்பாராத லாபம் ஒன்றும் உண்டு: மதில்மேல் உட்கார்ந்து குட்டி மீன்களைக் குறிபார்க்கும் மீன்கொத்தி இப்போது மேலேயிருந்து பாய முடிவதில்லை, வேப்பிலைச் சருகும் தண்ணீரில் விழுவதில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "தம்பி, தென்னங்கீத்துப் பந்தல் போட்டா இதைவிடக் குளுகுளுன்னு இருக்குமே" என்றார். உண்மைதான், கீற்று நிழலின் குளிர்ச்சி வலைக்கு வராது. ஆனால் கீற்றுத் தூசி தண்ணீரில் விழுந்து அழுகும், வருஷா வருஷம் மாற்றவும் வேண்டும். மீன் இல்லாத இடம் என்றால் நானும் கீற்றுத்தான் போடுவேன்.

அடுத்த மாசியில் மேற்குத் திரைக்கு மட்டும் இன்னொரு துண்டு எடுக்கப்போகிறேன், அதே கடை, அதே 75.