பொதுப்பள்ளியா, ஆப்பிரிக்க மையப் பள்ளியா?

அரசுப் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் பிரவுன் வழக்கில் தீர்ப்பளித்தபோது, கறுப்பினப் பிள்ளைகளுக்கு நல்ல கல்வி கிடைக்க வெள்ளையினப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்வதே வழி என்று பலர் நம்பினார்கள். ஆனால் தென்மாநிலங்களில் இணைப்பின் பெயரால் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள். ஆப்பிரிக்காவின் வரலாற்றையும் பண்பாட்டையும் மையமாக வைத்துக் கற்பிக்கும் ஆப்பிரிக்க மையக் கல்வியை அரசு நடத்தும் பொதுப்பள்ளியோடு ஒப்பிடும்போது இந்த இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பொதுப்பள்ளியின் பலம் வெளிப்படையானது. அரசு நிதி, ஆய்வகம், விளையாட்டுத் திடல், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான உதவி ஆகியவற்றைச் சிறிய பள்ளிகளால் எளிதில் ஈடுகட்ட முடியாது. குறை இருப்பது அன்றாட நடத்தையில். அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பொதுப்பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் 15.5 சதவீதம், இடைநீக்கம் செய்யப்பட்டவர்களிலோ அவர்கள் ஏறத்தாழ 39 சதவீதம். வரலாற்றுப் பாடத்தில் தம் முன்னோரை முதன்முதலாக அடிமைக் கப்பலில் சந்திக்கும் பிள்ளைகள், அதே கட்டடத்தில் சிறு தவறுக்கும் வெளியே அனுப்பப்படுகிறார்கள்.

சிகாகோவில் 1998-இல் தொடங்கிய ஆப்பிரிக்க மையப் பள்ளியான பெட்டி ஷபாஸ் சார்ட்டர் பள்ளி (அரசு நிதியில், அரசு உரிமத்தின் பேரில் தனி அமைப்பு நடத்தும் பள்ளி) வேறு வகையில் இயங்குகிறது. 1972-இல் அதே நகரில் சமூகத்தினர் தாங்களே தொடங்கிய சிறு பள்ளியின் வழியில் வந்தது அது. பிள்ளைகள் காலையில் வட்டமாகக் கூடி நின்று நாளைத் தொடங்குகிறார்கள்; ஆசிரியர்களை சுவாகிலி வழக்கப்படி ‘மாமா’, ‘பாபா’, அதாவது அம்மா, அப்பா என்று அழைக்கிறார்கள். இத்தகைய பள்ளிகளில் வரலாறு நைல் பள்ளத்தாக்கிலும் மாலிப் பேரரசிலும் தொடங்குகிறது; அடிமை வணிகம் அந்த நீண்ட கதையின் ஓர் அத்தியாயமாகவே இடம்பெறுகிறது. பெற்ற பிள்ளையாகத் தன்னைக் கருதும் ஒருவரிடம் படிக்கும் குழந்தை கண்டிப்பை வேறு விதமாக ஏற்றுக்கொள்ளும் என்பதே இந்த முறையின் அடிப்படை நம்பிக்கை. எனக்கும் இதன் மிக வலுவான பகுதியாகத் தெரிவது அதுதான்.

பாடப்பொருளில் இந்தத் தரப்பு சறுக்கியதும் உண்டு. போர்ட்லாந்து நகரப் பள்ளிகளுக்காக 1980-களில் எழுதப்பட்ட கட்டுரைத் தொகுப்பு, பண்டைய எகிப்தியர் கிளைடர் எனப்படும் எஞ்சின் இல்லாத விமானங்களில் பறந்தனர் என்றெல்லாம் கூறி அறிவியலாளர்களின் கண்டனத்துக்கு உள்ளானது. மாலியின் திம்புக்டு நகரத்துக் கையெழுத்துச் சுவடிகளும் நைல் கரையில் இருந்த பண்டைய குஷ் அரசின் வரலாறும் கண்முன் இருக்க, கற்பனை விமானம் எதற்கு?

இனி, பணம். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில், கறுப்பின உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைக் கட்சி (பிளாக் பேந்தர்) 1973 முதல் நடத்திய சமூகப் பள்ளியைக் கண்டிப்பான பொருளில் ஆப்பிரிக்க மையப் பள்ளி என்று சொல்ல முடியாது. ஆயினும் கறுப்பினச் சமூகத்தின் கையிலேயே இருந்த பள்ளி அது. கட்டணம் இல்லை, உணவு உண்டு. வயதைப் பாராமல் திறனுக்கேற்பப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். தவறு செய்த மாணவரை மாணவர்களே கொண்ட நீதிக்குழு விசாரித்தது. கட்சி நலிந்தபின் 1982-இல் பள்ளியும் மூடப்பட்டது. முழுச் சுதந்திரம் பெற்ற பள்ளி நிதியில் நொடிக்கிறது. சார்ட்டர் பள்ளிக்கு அரசுப் பணம் கிடைக்கிறது, கூடவே தேர்வு மதிப்பெண்ணைக் காட்டி உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய நிர்ப்பந்தமும் வருகிறது.

கனடாவின் டொரண்டோவில் கல்வி வாரியமே ஆப்பிரிக்க மையப் பள்ளியை ஏற்று நடத்துகிறது. 2008-இல் 11-க்கு 9 என்ற வாக்குகளில் தப்பிப் பிழைத்த தீர்மானத்தால் 2009-இல் ஒரு தொடக்கப்பள்ளி உருவானது. பழைய இனப்பிரிவினை திரும்புகிறது என்றார்கள் எதிர்த்தவர்கள். சட்டத்தால் வெளியேற்றப்படுவதும், எல்லா இனத்தவருக்கும் கதவு திறந்திருக்கும் ஒரு பள்ளியைப் பெற்றோர் விரும்பித் தேர்வதும் ஒன்றாகிவிடாது. ஆகவே எதிர்த்தவர்களின் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

பலனை அளப்பதுதான் கடினம். மெனக்கெட்டுப் பள்ளி தேடும் பெற்றோரின் பிள்ளைகள் எங்கு படித்தாலும் ஓரளவு முன்னேறுவார்கள் என்பதால், மதிப்பெண்களை மட்டும் அருகருகே வைத்துப் பார்ப்பது ஏமாற்றிவிடும். வட கரோலினா தரவுகளைக் கொண்டு 2017-இல் வெளியான ஆய்வு, மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் இடையில் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடம் படித்திருந்தாலும், மிக வறிய குடும்பத்துக் கறுப்பினச் சிறுவர்கள் படிப்பை இடையில் நிறுத்தும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவதாகக் காட்டியது. அந்த ஆசிரியர்கள் பணியாற்றியது சாதாரணப் பொதுப்பள்ளிகளில். ஆகவே, கறுப்பின ஆசிரியர்கள் கணிசமாக உள்ள பொதுப்பள்ளி அருகில் இருந்தால் அதை மூன்றாவது வழியாகக் கொள்ளலாம். அப்படி ஒன்று இல்லாத பகுதியில் ஆப்பிரிக்க மையப் பள்ளிக்கே என் வாக்கு.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இவற்றில் பல எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. டொரண்டோ வாரியம் 2013-இல் ஸ்கார்பரோவின் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் தொடர் வகுப்புகளைத் திறந்தது. அத்தகைய ஏற்பாடு இல்லாத ஊர்களில், சேர்க்கைப் படிவத்தை நிரப்பும் முன் ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளையை எங்கே அனுப்புவது என்பதையும் பெற்றோர் யோசித்துவிட வேண்டும்.